செலவு கன்னையா

சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை பெற்ற பெண்களை வீட்டுக்கு ஏற்றிப் போகிற நாட்களில் கன்னையாவின் ஜட்கா வண்டி சத்தம் போடாமல் வரும். குதிரையின் கழுத்து மணிக்குள் கந்தல் துணியைத் திணித்து வைத்துவிடுவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. ஒரே ஒரு மாமியார் மட்டும் கவனித்துவிட்டு, "என்னாப்பா, மணி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாளாம்.

"ஆமாம்மா, தொண்ட கட்டிகினு கீது" என்று சொல்லிவிட்டு, கல் இல்லாத பக்கமாக வண்டியைத் திருப்பிக்கொண்டாராம். தாயும் குழந்தையும் தூக்கம் கலையாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வண்டி ஸ்டாண்டில் வைத்த பெயர் 'செலவு கன்னையா'. ஊதாரி என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் குடியும் இல்லை, சீட்டாட்டமும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பார்ப்பதைவிட அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும்.

கன்னையா நகரியில் பிறந்தவர், தறி வீட்டுப் பிள்ளை. ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய உடம்பு வணங்காமல் சித்தூருக்கு வந்து, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்ட ஆரம்பித்தார். வீட்டில் தமிழ், ஸ்டாண்டில் தெலுங்கு. ஆனால் அந்தத் தெலுங்கு வண்டிக்கு வேண்டிய அளவு தெலுங்குதான். ஏறுங்கள், இறங்குங்கள், காலைப் பார்த்து வையுங்கள், அந்த மட்டில் நிற்கும். ஊருக்குப் போகிறவர்கள் "போயொஸ்தா" என்பார்கள். போய் வருகிறேன் என்று அர்த்தம். தமிழ்க்காரர்களுக்கும் அது புரிந்துவிடும். பள்ளிக்கூடம் மூடினால் அதை லீவு என்பார்கள். அதற்குமேல் எந்தச் சொல்லும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

பிறகு ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்தது. குண்டூர், கிருஷ்ணா பக்கத்திலிருந்து புதிது புதிதாக உத்தியோகஸ்தர்கள் சித்தூருக்கு வந்து இறங்கினார்கள். அவர்கள் பேசும் தெலுங்கு சித்தூர்த் தெலுங்கு இல்லை. "பாட்டு படிக்கிற மாதிரி கீது, ஆனா எங்க போவணும்னு மட்டும் புரிய மாட்டேங்குது" என்று வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.

அப்படி வந்தவர்தான் சோமயாஜுலு. ஊர் பாபட்லா. ஹைஸ்கூலில் தெலுங்குப் பண்டிதர். சம்சாரம் காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. முழங்காலில் வலி இருந்ததால் கட்டமஞ்சியில் இருந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகக் கன்னையாவை மாச வண்டியாக வைத்துக்கொண்டார். போகும்போதும் வரும்போதும் ஒரே பேச்சுத்தான். பண்டிதர் உடைந்த தமிழில் பேசுவார், கன்னையா உடைந்த தெலுங்கில் பதில் சொல்வார்.

"ஏமய்யா கன்னையா, உன் குதிரைக்கு எந்த பாஷை? தமிழா, தெலுங்கா?"

"ரெண்டும் தெரியும் சாமி. ஹைன்னா போவும், ஓன்னா நிக்கும். எந்த ராஜ்ஜியம் வந்தாலும் அதுக்கு இந்த ரெண்டு வார்த்த போதும்."

"எங்க ஹெட்மாஸ்டருக்கு அந்த ரெண்டுகூடப் புரியறதில்லை" என்பார் பண்டிதர். இருவரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் பண்டிதர் தன் சின்ன வயதுக் கதையைச் சொன்னார். தகப்பன் இல்லாத பிள்ளை. கிழமைக்கு ஒரு வீடாக வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்தவர். புதன்கிழமை வீட்டம்மாள் சாதம் போடும்போது கூடவே ஒரு சொல்லும் போடுவாளாம். "இன்னும் கொஞ்சம்னு கை நீட்டினேன், கன்னையா. 'இந்தக் கை நீளமான கை' என்றாள். அன்னிக்கு மடக்கினது. பெருமாள் தீர்த்தத்துக்குத் தவிர இந்தக் கை அப்புறம் யார் முன்னாலயும் நீண்டதில்லை."

கன்னையா அதை மனதில் வைத்துக்கொண்டார். திருமலைக்குப் போய் வந்து பிரசாதம் கொடுப்பதென்றாலும் பண்டிதர் கையில் நேரே கொடுக்க மாட்டார். இலையோடு அவருடைய புத்தகக் கட்டின்மேல் வைத்துவிட்டு, குதிரைக்கு வாரைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் போய்விடுவார்.

இதை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். அதனால்தான் பிற்பாடு அது அவரை அப்படி அரித்தது.

பண்டிதருக்கு நெல்லூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கன்னையாதான் அவரையும் பெட்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். கூட வேலை பார்த்த வாத்தியார்கள் மாலையோடு வந்திருந்தார்கள். பாகாலா வழியாகப் போகும் ரயில் வந்து நின்றது. போர்ட்டர் நாகையா படுக்கைச் சுருளை ஏற்றிக்கொண்டிருந்தார். பண்டிதர் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, அவர்களைத் தாண்டி, பின்னால் ஒதுங்கி நின்ற கன்னையாவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

"கன்னையா, செலவு. செலவிப்பிஞ்சு" என்றார்.

நீட்டின கையைக் கன்னையா பார்த்தார். காதில் விழுந்தது செலவு. இத்தனை வருஷம் மடங்கிக் கிடந்த கை இன்று நீண்டிருக்கிறது, அதுவும் நம் முன்னால் நீண்டிருக்கிறது, பாவம், வழிச்செலவுக்கு இல்லாமல் தவிக்கிறார், வாத்தியார்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு நம்மிடம் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். இடுப்பு மடியில் இருந்த சில்லறையை எல்லாம் எடுத்து அந்தக் கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டார்.

"வச்சிக்கங்க சாமி, வழிச் செலவுக்கு. திருப்பித் தர வேணாம்."

வாத்தியார்களில் ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் இருமினார். பண்டிதர் கையைத் திறந்து பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. பக்கத்தில் நின்ற நாகையாவின் கையில் அதை அப்படியே கொட்டிவிட்டு ரயிலில் ஏறி, பிளாட்பாரம் தெரியாத அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். வண்டி போய்விட்டது.

"இன்னாடா பண்ணிட்ட கன்னையா?" என்றார் நாகையா.

"செலவுக்கு இல்லன்னாரு. குடுத்தேன்."

"அட பைத்தியக்காரா! அவங்க பக்கத்துல செலவுன்னா உத்தரவுடா. போய்ட்டு வரேன், எனக்கு விடை குடுன்னு கேட்டாரு. பெரியவங்க கிட்ட கேக்கற மாதிரி உன்கிட்ட வந்து கேட்டாரு. கைய புடிச்சிகினு சொல்லலாம்னு நீட்டனாரு. நீ அதுல பிச்ச போட்டுட்டியே."

"நெசமாவா நாகையா?"

"பின்ன? கேட்டு வாங்கனவரு எனக்கு எதுக்குக் கொட்டிட்டுப் போறாரு? இந்தா, புடி உன் காச."

கன்னையா அதை வாங்கவில்லை. நாகையா ஸ்டேஷன் ஓரத்துப் பிள்ளையார் உண்டியலில் போட்டுவிட்டு, ஸ்டாண்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். விளக்கு வைப்பதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது.

வீட்டில் கன்னையா அந்தச் சொல்லையே விலக்கிவிட்டார். அவருடைய சம்சாரம் செங்கம்மா வாய்த்துடுக்கானவள், ஆனால் நல்லவள். "உப்பு இல்ல, புளி இல்ல. அது வேணும்" என்று கையை நீட்டுவாள்.

"எது?"

"அதான், உங்களுக்குச் சொன்னா ஆவாதே, அது. புருஷன் பேரத்தான் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொன்னா. இந்த வீட்டுல சந்தைக்குப் போற காசோட பேரும் சொல்லக் கூடாது."

அவர் சிரிக்க மாட்டார். தின்கிற சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

சித்தூர்க்காரர்களுக்கு மனதில் பாரம் இருந்தால் காணிப்பாக்கம் இருக்கிறது. அந்தப் பிள்ளையார் முன்னால் குளத்தில் முழுகி எழுந்து பொய் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. கன்னையாவும் ஒரு வெள்ளிக்கிழமை போனார். முழுகினார். ஈர வேட்டியோடு நின்று, "தெரியாம செஞ்சிட்டேன், சாமி" என்று சொல்ல வாயெடுத்தார். 'தெரியாம' வரைக்கும் வந்தது. அதற்குமேல் நாக்கு புரளவில்லை. சொல்லாமலே திரும்பி வந்தார். செங்கம்மா கேட்டதற்கு, "கூட்டம் ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார்.

பண்டிதருக்கு எதிரே ஒரு முறை நேரில் நிற்க வேண்டும், அவர் கேட்ட விடையை முறையாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு ஒரே எண்ணமாக இருந்தது. ஆனால் நெல்லூரில் எங்கே என்று போய்த் தேடுவது? அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். யாரையாவது எழுதச் சொன்னால் அவர்கள் முதலில் சிரிப்பார்கள்.

இப்படியே வருஷங்கள் போய், எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸ் ராஜ்ஜியத்துக்குப் போயிற்று. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. திருத்தணியில் இருந்த தெலுங்கு உத்தியோகஸ்தர்கள் பெட்டி படுக்கையோடு சித்தூரில் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனில் அவர்கள் ஒருவருக்கொருவர் 'செலவு, செலவு' என்று கையைப் பிடித்துக்கொண்டு பிரிவதைப் பார்க்கும்போதெல்லாம் கன்னையா குதிரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

செங்கம்மாவின் தாய்வீடு திருத்தணிக்குப் பக்கம். அவள் அந்த வாரமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா ஊரே போயிடுச்சி. யார்கிட்ட சொல்லிகினு போச்சி? முருகன் மலையோட போயிட்டான். அவனே உத்தரவு கேக்கல. நீங்க ஒரு மனுஷனுக்கு உத்தரவு குடுக்கலன்னு இத்தினி வருஷமா சோறு எறங்காம கீறீங்க."

"அது வேற, இது வேற, செங்கம்மா."

"இன்னா வேற? போய்க் கால்ல வுழுந்துட்டு வாங்களேன்."

"எங்க கீறாருன்னு தெரிஞ்சா போவ மாட்டனா?"

கேட்ட வாய்க்குப் பெருமாள் பதில் சொல்லிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அதே வாரம் வண்டியில் ஏறிய வரதராஜன் என்கிற கணக்கு வாத்தியார், தானாகவே பேச்சை எடுத்தார். அன்றைக்குப் பிளாட்பாரத்தில் சிரித்தவர் அவர்தான்.

"கன்னையா, நம்ம சோமயாஜுலு ரிட்டையர் ஆயிட்டார், தெரியுமா? திருப்பதியில தங்கச்சி மகன் வீட்டோட இருக்கார். கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குத் தெற்கு மாட வீதி. போன மாசம் பார்த்தேன்."

"என்னப் பத்தி ஏதனா கேட்டாரா, சார்?"

வரதராஜன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்கலை" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் தடவை கன்னையா திருப்பதிக்குப் போய், தெற்கு மாட வீதி முனை வரைக்கும் நடந்து, அங்கே நின்று, கோயில் குளத்தில் காலைக் கழுவிக்கொண்டு திரும்பிவிட்டார். "நல்ல தரிசனம்" என்று வீட்டில் சொன்னார். செங்கம்மா அவர் நெற்றியைப் பார்த்தாள். நாமம் இல்லை. அடுத்த வாரம் அவளே விடியலில் எழுப்பிவிட்டுச் சந்திரகிரி வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். "இந்த தபா வாசல்படிய மெறிச்சிட்டுதான் வரணும்" என்றாள்.

வாசல்படியை மிதித்தார். பண்டிதர் உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"எவரு?"

"நான்தான் சாமி. சித்தூரு கன்னையா. ஜட்கா."

பண்டிதர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்ததாம் கன்னையாவுக்கு.

"உக்காரு" என்றார் பண்டிதர். கன்னையா கதவோரம் தரையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் கட்டி வைத்திருந்த பேச்சை அவர் எடுப்பதற்குள் பண்டிதரே ஆரம்பித்தார்.

"பாகாலா வரைக்கும் உன்மேல ஆத்திரம், கன்னையா. நிஜம் சொல்றேன். ரேணிகுண்டாவுல ரயில் மாறி உக்காந்த அப்புறம்தான் புத்தி வந்துச்சு. எங்க பாஷையிலயே செலவுன்னா உத்தரவுன்னும் அர்த்தம், விடுமுறைன்னும் அர்த்தம், கையை விட்டுப் போற காசுன்னும் அர்த்தம். வருஷா வருஷம் பையன்களுக்குக் கரும்பலகையில எழுதிப் போட்டவன் நான். பிளாட்பாரத்துல எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது. உனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது."

பண்டிதர் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டு மேலே சொன்னார்.

"நெல்லூர்ல ஒரு தமிழ் வாத்தியார் இருந்தார். அவரைக் கேட்டேன். உங்க பழைய தமிழ்ல செலவுன்னா காசே இல்லையாம். பிரயாணமாம். செல்றது செலவு. மனுஷன் செல்றதும் செலவு, காசு செல்றதும் செலவு. வரவு செலவுன்னு சொல்றீங்களே, வேற என்ன? வர்றது, போறது. சூடு, இங்க பாரு, என் வார்த்தையும் உன் வார்த்தையும் ஒரே வீட்டுல பொறந்ததுதான். யார் மேலயும் தப்பு இல்லை. எழுந்திரு. முகத்தை அலம்பு."

இத்தனை வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தார்? எழுந்திருக்க வேண்டியதுதானே? கன்னையா எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சாமி, வார்த்த தப்பு இல்லாம போயிடுச்சி. சரி. ஆனா நீங்க கைய நீட்டனப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி வந்துச்சி. இவ்ளோ பெரியவரு, யார்கிட்டயும் கை நீட்டாதவரு, கடைசில நம்ம கிட்ட வந்து நின்னாரு பாருன்னு. வாரச் சாப்பாட்டுக் கதையெல்லாம் தெரிஞ்சவன் சாமி நான். அந்த புதன்கெழம வீட்டம்மா கணக்கா நின்னுகினு குடுத்தேன். அதுக்கு இன்னா அர்த்தம்னு எந்த புஸ்தகத்துல போட்டுகீது? காணிப்பாக்கத்துல போயி தெரியாம செஞ்சேன்னு சொல்லப் பாத்தேன். வாய் வரல."



"தெரியும்" என்றார் பண்டிதர். "அதைத்தான் நான் பாத்தேன். காசைப் பாக்கலை. உன் முகத்தைப் பாத்தேன்."

கன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் முகத்துல நீ என்ன பாத்தே? சொல்லு."

"கோவம் சாமி."

"கோபத்துக்குக் கீழே ஒண்ணு இருந்துச்சு. வரதராஜன் குடுத்திருந்தா நான் சிரிச்சிருப்பேன். 'அரே, அர்த்தம் அது இல்லைப்பா'ன்னு முதுகில தட்டியிருப்பேன். ஜட்காக்காரன் குடுத்தான். அதனால சிரிப்பு வரலை." அவர் மூச்சு வாங்கினார். "உன்கிட்ட விடை கேக்கறப்போ ரொம்பப் பெரிய மனசுன்னு என்னை நானே நெனச்சுக்கிட்டேன். அந்தப் பெரிய மனசு ரயில் ஊதறதுக்குள்ள தீந்துபோச்சு. போ. இதுக்கும் எந்தப் புஸ்தகத்துலயும் அர்த்தம் போடலை."

அப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பண்டிதர் தங்கச்சி மகனின் சம்சாரத்தைக் கூப்பிட்டு, கன்னையாவுக்கு இலை போடச் சொன்னார். சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குதிரையைப் பற்றியும் செங்கம்மாவைப் பற்றியும் கேட்டார். திருத்தணி முருகன் உத்தரவு கேட்காமல் போன பேச்சைக் கேட்டு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

கன்னையாவின் மனசு அன்றோடு லேசாகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. ஸ்டாண்டில் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் கடைசி வரைக்கும் தலை குனிந்துகொண்டுதான் இருந்தார். கொஞ்ச காலத்துக்குப் பிறகு செங்கம்மா ஒருநாள் கேட்டாள், "அவுருதான் மன்னிச்சிட்டாரே, இன்னும் இன்னா?" என்று. "அவுரு மன்னிச்சாரு. அந்தக் குளிர்ச்சி வந்துச்சே, அது வந்தது வந்ததுதானே" என்றார். பெருமாள் சிலருக்கு அப்படி ஒரு மனசைக் கொடுத்து அனுப்புகிறார். அது வரமா, தண்டனையா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

சோமயாஜுலு அடுத்த மார்கழிக்குள் காலமாகிவிட்டார். ஆகையால் அன்று மத்தியானம் தெற்கு மாட வீதியில் பிரிந்ததுதான் கடைசி. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கோலை ஊன்றிக்கொண்டு பண்டிதர் வாசலுக்கு வந்துவிட்டார். தலைக்குமேல் துண்டுகூட இல்லை. கன்னையா கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். அவர் நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பினார். அப்போதும் நின்றுகொண்டிருந்தார். கன்னையா கையை வாயருகே குவித்துக்கொண்டு, வீதியில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"உள்ள போங்க சாமி, வெயில் அடிக்குது! நீங்க நின்னுகினு இருந்தா நான் திரும்பித் திரும்பிப் பாத்துகினேதான் போவணும். எனக்கு பஸ்ஸு போயிடும்!"